விலை எழுதுவது யார் கை?
கடைக்கு வெப்சைட் போடும் வணிகர்கள் கவனத்திற்கு

சரக்குச் சீட்டில் பொருளையும் அளவையும் வாடிக்கையாளர் சொல்லலாம். விலையைக் கடைக்காரர்தான் எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக நாம் பின்பற்றி வரும் இந்த எளிய முறையை, இண்டர்நெட்டில் கடை திறக்கும்போது நம்மில் பலர் அறியாமலே கைவிட்டு விடுகிறோம். எங்கள் கடையிலும் அப்படித்தான் நடந்தது. அந்த அனுபவத்தையும், அதன் பிறகு நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் நம் வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முந்திரி 30 கிலோ, ரூபாய் 30

எங்களுடையது மளிகை மொத்தமும் சில்லறையும் சேர்ந்த கடை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது போனில் ஆர்டர் எழுதி மாளவில்லை. மறு ஆண்டு, தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு வெப்சைட் போட்டோம். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே பொருளைத் தேர்ந்தெடுக்கலாம், பணத்தையும் கட்டிவிடலாம். கடையில் உள்ள கம்ப்யூட்டரில் சீட்டு அச்சாகும், பையன்கள் கட்டி அனுப்புவார்கள். இரண்டு ஆண்டுகள் குறையில்லாமல் நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, முந்திரிப் பருப்பு 30 கிலோவுக்கு ஒரு சீட்டு வந்தது. கீழே "பணம் செலுத்தப்பட்டது" என்று அச்சாகியிருந்தது. பையன்கள் பெட்டி கட்டி வண்டியில் ஏற்றப் போகும் நேரத்தில், பேங்க் வரவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை எழுந்து வந்தார்.

"முதலாளி, முப்பது கிலோவுக்கு முப்பது ரூபாய்தான் வந்திருக்கிறது."

அன்றைய விலைக்கு அந்தச் சரக்கு 20,000 ரூபாயைத் தாண்டும். ஆர்டரில் கண்ட எண்ணுக்குப் போன் செய்தோம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சரக்கு தப்பியது. ஆனால் இதற்கு முன் கவனிக்காமல் எத்தனை போயிற்றோ என்று மூன்று மாதச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சிறு சிறு தொகையாக இன்னும் நான்கு சீட்டு அகப்பட்டது.

வெப்சைட் போட்ட இளைஞரை அழைத்தோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, தப்பு என்னுதுதான். விலையை பிரவுசரிலிருந்து வாங்கிவிட்டேன்" என்றார்.

"புரியும்படி சொல்லுங்க தம்பி" என்றோம். அவர் எங்கள் கல்லாவில் கிடந்த சீட்டுப் புத்தகத்தையே எடுத்து வைத்து விளக்கினார். அதையே இங்கே தருகிறோம்.

கம்ப்யூட்டர் எழுதும் சீட்டு

முன்கடையில் ஆர்டர் வாங்குபவர் ஒரு சீட்டு எழுதி, பையனிடம் கொடுத்துக் குடோனுக்கு அனுப்புகிறார். குடோனில் இருப்பவர் சீட்டைப் படித்துச் சரக்கை எடுத்துக் கொடுக்கிறார். வெப்சைட்டில் நடப்பதும் இதுவே.

வாடிக்கையாளர் போனிலோ கம்ப்யூட்டரிலோ வெப்சைட்டைத் திறந்து காட்டும் புரோகிராமுக்குப் பெயர் பிரவுசர். அந்தப் பக்கத்தோடு சேர்ந்து வந்து, பட்டனை அழுத்தியதும் வேலை செய்யும் சிறு புரோகிராம், ஸ்கிரிப்ட். சீட்டை எழுதுவது இதுதான். குடோனில் இருப்பவர் இடத்தில் இருப்பது சர்வர் என்னும் தொலைவிலுள்ள கம்ப்யூட்டர். "ஆர்டரைப் பதிவு செய்", "இருப்பைச் சொல்", "பாக்கியைக் காட்டு" என்று அது செய்யத் தெரிந்த ஒவ்வொரு வேலைக்கும் மெத்தட் என்று பெயர். அந்த வேலைகளை வெளியிலிருந்து கேட்டு வாங்கும்படி திறந்து வைத்திருப்பது வெப் சர்வீஸ். சீட்டில் நிரப்பி அனுப்பும் விவரங்கள், அதாவது எந்தச் சரக்கு, எவ்வளவு, யாருக்கு என்பவை, பாராமீட்டர்கள். இந்த ஆறு சொற்கள் தெரிந்தால் போதும், வெப்சைட் போடுகிறவரிடம் நாம் விவரமாகப் பேசலாம்.

இந்த ஏற்பாட்டின் வரலாறும் நீண்டதல்ல. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-ல் உருவாக்கினார். ஆரம்பத்தில் பட்டனை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறைந்து புதிதாக வரவேண்டும். 1999-ல் மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வந்தபோது, பக்கம் அப்படியே இருக்க ஸ்கிரிப்ட் மட்டும் சர்வரோடு பேசும் வழி பிறந்தது. 2005-ல் அதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைக்கப்பட்டது. இன்று அந்தச் சீட்டைப் பெரும்பாலும் 'ஜேசன்' என்ற அமைப்பில் எழுதுகிறார்கள். அது இப்படி இருக்கும்:

{ "சரக்கு_எண்": 114, "அளவு_கிலோ": 5, "சீட்டு_எண்": "க-2071" }

இடப்பக்கம் கலத்தின் பெயர், வலப்பக்கம் அதில் நிரப்பியது. ஒரு நாள் கணக்குப் புத்தகம் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

சீட்டு நம் கையில் இல்லை

இப்போது முந்திரிக்கு வருவோம். எங்கள் வெப்சைட்டின் சீட்டில் 'விலை' என்றும் ஒரு கலம் இருந்தது. பக்கத்தில் வாடிக்கையாளர் பார்க்கும் விலையையே ஸ்கிரிப்ட் எடுத்து அதில் நிரப்பி அனுப்பியது. சர்வர் அதை அப்படியே அளவோடு பெருக்கிப் பணம் கேட்டது.

ஸ்கிரிப்ட் நாம் எழுதி வைத்ததுதானே, அது ஏன் பொய் சொல்லப் போகிறது என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஸ்கிரிப்ட் நம்முடையது, ஆனால் அது ஓடுகின்ற இடம் வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர். அங்கே அதைத் திருத்தவும், ஸ்கிரிப்ட்டே இல்லாமல் தன் கையால் ஒரு சீட்டு எழுதி அனுப்பவும் அவரால் முடியும். சாதாரண கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து எஃப்-12 பட்டனை அழுத்தினால் இதற்கான கருவிகள் வந்து நிற்கின்றன. புரோகிராம் எழுதுவோரின் நல்ல தேவைக்காக வைக்கப்பட்டவை அவை. வேண்டாதவர் கையிலும் அவையே இருக்கின்றன.

இது புதிய திருட்டும் அல்ல. அமெரிக்காவின் இண்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 2000 பிப்ரவரியிலேயே, இண்டர்நெட் கடைகளுக்கான 11 விற்பனைப் புரோகிராம்களில் இதே குறை இருப்பதாக எச்சரிக்கை வெளியிட்டது. விலையைப் பக்கத்தில் மறைவான கலத்தில் வைத்து, திரும்பி வரும்போது அதையே நம்பியதுதான் அவற்றின் குறை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவசரத்தில் போடப்படும் வெப்சைட்டுகளில் இது இருக்கத்தான் செய்கிறது.

பரிகாரம் எளிது. பிரவுசரிலிருந்து சரக்கு எண்ணும் அளவும் மட்டும் வரவேண்டும். விலையை சர்வர் தன்னிடம் உள்ள விலைப்பட்டியலில் பார்த்துத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது விலை எழுதும் கை கடைக்காரருடையதாக இருக்கவேண்டும்.

அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. முந்திரி 10 கிலோ என்று ஒரு வரியும், சர்க்கரை மைனஸ் 100 கிலோ என்று அடுத்த வரியும் எழுதி அனுப்பினால், சோதிக்காத சர்வர் சர்க்கரையின் விலையைக் கழித்துக்கொண்டு பில் போடும். ஆகவே அளவு சுழியத்திற்கு மேல் இருக்கிறதா, இருப்புக்குள் அடங்குகிறதா என்று சர்வர் பார்த்தாக வேண்டும்.

சவுண்ட் பாக்ஸ் பேசட்டும்

பணம் வந்த செய்தியிலும் இதே கவனம் தேவை. வாடிக்கையாளர் போனில் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி "அனுப்பிட்டேன்" என்றால் இன்று எந்தக் கடைக்காரரும் சரக்கைத் தூக்கிக் கொடுப்பதில்லை. பொய் ஸ்கிரீன்ஷாட்டால் ஏமாந்தவர்கள் நம்மில் உண்டு. கல்லாவில் உள்ள சவுண்ட் பாக்ஸ் பேசினால்தான் நம்புகிறோம். ஏனெனில் அந்தச் செய்தி வாடிக்கையாளரின் போன் வழியாக வராமல், பணம் வாங்கும் நிறுவனத்திலிருந்து நேராக வருகிறது.

"பணம் கட்டியாயிற்று" என்று பிரவுசரின் ஸ்கிரிப்ட் சர்வருக்குச் சொல்வது, ஸ்கிரீன்ஷாட் காட்டுவதற்குச் சமம். ரேசர்பே போன்ற நிறுவனங்களின் முறையில், பணம் கட்டி முடிந்ததும் பிரவுசருக்கு ஒரு பண எண்ணும் அதோடு ஒரு முத்திரையும் தரப்படுகின்றன. கடைக்கும் அந்த நிறுவனத்திற்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு போடப்பட்ட முத்திரை அது. அதைச் சர்வர் சரிபார்த்த பிறகே சீட்டில் "பணம் செலுத்தப்பட்டது" என்று அச்சாக வேண்டும். ரகசியச் சாவி சர்வரில்தான் இருக்கவேண்டும். ஸ்கிரிப்ட்டில் எழுதி வைத்தால், கல்லாச் சாவியை வாசலில் மாட்டி வைத்ததாகும்.

அடுத்தவர் பாக்கி தெரியலாமா?

மொத்த வியாபாரிகள் இதைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் தங்கள் பற்று வரவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வெப்சைட்டில் வசதி செய்து தருபவர்கள் இப்போது உண்டு. உள்ளே வந்ததும் ஸ்கிரிப்ட் "கணக்கு எண் 41-இன் பாக்கியைக் காட்டு" என்று சர்வரிடம் கேட்கிறது. அந்த 41-ஐ ஒருவர் 42 என்று மாற்றி அனுப்பினால் என்ன ஆகும்?

கேட்பவர் யார் என்று சர்வர் பார்க்காவிட்டால், பக்கத்துக் கடைக்காரரின் பாக்கி, தவணை, அவருக்கு நாம் தரும் விலை அனைத்தும் இவர் கண்ணில் படும். வியாபாரத்தில் பணம் போனால் சம்பாதிக்கலாம். ஒருவரின் கடன் விவரத்தை வெளியே விட்டோம் என்ற பெயர் வந்தால் அதைத் துடைக்க முடியாது. உள்ளே நுழைந்தவர் யார் என்று சர்வர் தன்னிடம் குறித்து வைத்திருப்பதைக் கொண்டே கணக்கைத் திறக்கவேண்டும். சீட்டில் வரும் எண்ணைக் கொண்டு அல்ல.

பெயரும் வகையும் பொருந்தவேண்டும்

திருட்டு எண்ணமே இல்லாமல் நேரும் நஷ்டங்களும் உண்டு. ஸ்கிரிப்ட் 'எடை' என்ற பெயரில் அனுப்பி, சர்வரில் உள்ள மெத்தட் 'அளவு' என்ற பெயரைத் தேடினால், அதற்கு வெறும் கலம்தான் கிடைக்கும். நல்ல முறையில் எழுதிய சர்வர் "விவரம் இல்லை" என்று சீட்டைத் திருப்பி அனுப்பும். மோசமாக எழுதியது அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால்கூடப் பெரும்பாலும் வேறு பெயராகவே கொள்ளப்படும்.

எண்ணும் எழுத்தும் கலப்பது இன்னொன்று. பக்கத்தில் நாம் தட்டும் 5, ஸ்கிரிப்ட்டின் கைக்கு எழுத்தாகவே கிடைக்கிறது. அதை எண்ணாக மாற்றாமல் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 51 என்று விடை தரும். 5 கிலோ கேட்டவர் இன்னும் ஒரு கிலோ சேர்த்தால் 51 கிலோ!

அலகு அடுத்தது. வீசையும் சேரும் போய்க் கிலோ வந்த காலத்தின் தகராறுகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோதும் அப்படியே. இன்று ரேசர்பேயின் வெப் சர்வீஸுக்குத் தொகையைப் பைசாவில் அனுப்பவேண்டும். 295 ரூபாய்க்கு 29500 என்று எழுதவேண்டும். ரூபாய் என்று நினைத்து 295 என்று அனுப்பினால் 2 ரூபாய் 95 பைசாதான் வசூலாகும். பைசாவில் கேட்பதிலும் பயன் உண்டு. புள்ளி வைத்த எண்களைக் கம்ப்யூட்டர் சிறு பிசகோடு கூட்டும்; முழு எண்களில் அந்தத் தொல்லை இல்லை. கலத்தின் பெயரிலேயே 'அளவு_கிலோ', 'தொகை_பைசா' என்று அலகைச் சேர்த்து எழுதச் சொல்வது நல்லது.

தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். 04/05/2025 என்பது நமக்கு மே 4. அமெரிக்க வழக்கில் அது ஏப்ரல் 5. ஆண்டை முதலில் வைத்து 2025-05-04 என்று அனுப்பினால் குழப்பம் இல்லை.

தபால் கார்டா, கவரா?

பாராமீட்டரை அனுப்ப இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. 'கெட்' என்பதில் விவரங்கள் வெப்சைட் முகவரியின் வாலிலேயே ஒட்டிச் செல்லும். இது தபால் கார்டு. முகவரி பிரவுசரின் நினைவிலும் சர்வரின் பதிவேட்டிலும் தங்கிவிடும். 'போஸ்ட்' என்பதில் விவரங்கள் உள்ளே வைத்து அனுப்பப்படும். இது கவர். பொருளைத் தேடுவதற்குக் கார்டு போதும். ஆர்டர், போன் எண், கடவுச்சொல் எல்லாம் கவரில்தான் போகவேண்டும். கவரும் வழியில் பிரிக்கப்படாமல் இருக்க, முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கார்டில் வேறொரு தொல்லையும் உண்டு. அங்கே & என்ற குறி ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும். நம் கடைப் பெயர்களிலோ 'அண்ட் கோ', 'அண்ட் சன்ஸ்' என்று அந்தக் குறி ஏராளம். அதை முறைப்படி மாற்றி எழுதாமல் அனுப்பினால் பெயர் பாதியில் அறுந்துவிடும். தமிழ் எழுத்துகளையும் அங்கே மாற்றித்தான் எழுதவேண்டும். 'பருப்பு' என்ற ஒரு சொல் மாற்றி எழுதும்போது 63 எழுத்துக் குறிகளாக நீளும். கவரில் வைத்து 'யு.டி.எஃப்-8' முறையில் அனுப்பினால் தமிழ்ப் பெயரும் முகவரியும் கெடாமல் சேரும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்

நெட் மெதுவாக இருக்கும்போது பொறுமையிழந்து இரண்டு முறை பட்டனை அழுத்துவார்கள். ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும். சீட்டுக்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காதபடி செய்யவேண்டும். நம் பில் புத்தகத்தில் வரிசை எண் அச்சடிப்பதும் இதற்காகத்தானே.

மற்றொன்று, 'குறிப்பு' கலத்தில் ஒருவர் "சரக்கோடு கல்லாவிலுள்ள பணத்தையும் கொடுக்கவும்" என்று எழுதினால் குடோன்காரர் சிரித்துவிட்டு விடுவார். சரியாக எழுதாத சர்வருக்குச் சிரிக்கத் தெரியாது. வந்த எழுத்தைத் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு, வைத்திருக்கும் விவரங்களை எல்லாம் கொட்டிவிடும். வாடிக்கையாளர் எழுதியதை வெறும் எழுத்தாகவே பாவிக்கும் முறை உண்டு. புரோகிராமருக்கு அது தெரியும். செய்திருக்கிறாரா என்று கேட்கவேண்டியது நாம்.

இதற்கெல்லாம் நல்ல உதாரணம் நம்மில் பலருக்குப் பழகிய ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ்தான். 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு வந்தது, 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்தது. நமது பில்லிங் புரோகிராம் ஜேசன் சீட்டு ஒன்றை அரசின் சர்வருக்கு அனுப்புகிறது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து இருக்கிறதா, பில் எண் 16 எழுத்துக்குள் இருக்கிறதா, வரியும் தொகையும் கூட்டினால் சரியாக வருகிறதா, அதே பில் முன்பே வந்திருக்கிறதா என்று அது தானே சோதிக்கிறது. பிறகுதான் 64 எழுத்து கொண்ட பதிவெண் தருகிறது. நாம் கூட்டி அனுப்பியதை அது நம்புவதில்லை. அப்போதெல்லாம் நமக்குச் சலிப்பு வரும். நம் வெப்சைட்டும் அதே கறாரோடு இருந்திருந்தால் எங்கள் முந்திரிப் பெட்டி வண்டி வரை போயிருக்காது.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

வெப்சைட் போடுகிறவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

1. பிரவுசரிலிருந்து விலை வருகிறதா? வரக்கூடாது. சர்வரின் பட்டியலிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

2. அளவு மைனஸாகவோ, சுழியமாகவோ, இருப்புக்கு மேலோ வந்தால் சர்வர் தடுக்கிறதா?

3. பணம் வந்ததை எங்கே சரிபார்க்கிறீர்கள்? ரகசியச் சாவி எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் விடை 'சர்வரில்' என்பதாக இருக்கவேண்டும்.

4. கணக்கு எண்ணை மாற்றி அனுப்பினால் அடுத்தவர் கணக்கு திறக்குமா? கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

5. ஒரு கலம் விட்டுப்போனாலும், எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தாலும் என்ன நடக்கும்?

6. கிலோவா கிராமா, ரூபாயா பைசாவா என்று எல்லாக் கலத்திற்கும் எழுதிய பட்டியல் உண்டா?

7. ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால்?

8. தமிழ்ப் பெயரும் & குறியும் குறிப்புக் கலத்தில் எதை எழுதினாலும் பிசகாமல் பதிவாகுமா?

எங்கள் இளைஞர் மேல் நாங்கள் கோபப்படவில்லை. பத்து நாள் வெப்சைட்டை மூடி வைத்து, எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார். நாங்களும் ஒரு வேலை சேர்த்துக்கொண்டோம். முன்பு முதல் தேதி வந்தால்தான் பேங்க் வரவும் ஆர்டர் சீட்டும் ஒத்துப்பார்ப்போம். இப்போது தினமும் காலையில் பெட்டி கட்டும் முன் பார்க்கிறோம். கணக்குப்பிள்ளைக்கு அதனால் அரை மணி வேலை கூடியது. அன்று சரக்கைக் காப்பாற்றியது அவருடைய கண்தான் என்பதால், அந்த அரை மணிக்குக் கூலியும் கூட்டிக் கொடுத்தோம்.

வெப்சைட் வேண்டாம் என்று இதைப் படித்து யாரும் பின்வாங்க வேண்டாம். காலத்தோடு நாமும் போகத்தான் வேண்டும். கடை எங்கே இருந்தாலும் தராசும் விலைச் சீட்டும் நம் பக்கம் இருக்கட்டும். விழிப்போடு வணிகம் செய்வோம், வளர்வோம்.